மினி சுமோ ரோபோ போட்டிக்கு முதன்முறை போகிறீர்களா? விதி, செலவு, சோதனை மேஜை

மினி சுமோவில் முதன்முறை வருகிற அணிகளைப் பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்புவது மூன்று விஷயங்கள்: தராசு, வெள்ளைக் கோடு, தொடக்கத்தின் ஐந்து விநாடி. எதிராளியின் பலம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. இந்த மூன்றையும் விதித்தாளிலேயே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் மோட்டார், சக்கரம் எல்லாம் வாங்கி ஒட்டி முடித்த பிறகே பலரும் அந்தத் தாளைத் திறக்கிறார்கள். நீங்கள் வரிசையை மாற்றுங்கள்.

இங்கே சொல்வது 500 கிராம் தானியங்கி வகுப்பு பற்றி மட்டும். ரிமோட் கிடையாது. ரோபோவைக் கீழே வைத்து நடுவர் சொன்னதும் இயக்கிவிட்டால், அப்புறம் அதுவே எதிராளியைத் தேடி ரிங்கிலிருந்து, அதாவது வட்ட மேடையிலிருந்து, தள்ள வேண்டும்.

1. எந்த வகுப்பு என்று முதலில் உறுதி செய்யுங்கள்

அழைப்பிதழில் 'ரோபோ சுமோ' என்று மட்டும் போட்டிருந்தால் நம்பி இறங்காதீர்கள். உள்ளூர்க் கல்லூரி விழாக்கள் சிலவற்றில் கம்பி இணைத்த ரிமோட்டில் ஓட்டும் வண்டிகளை மோதவிட்டு, அதையும் சுமோ என்கிறார்கள். தானியங்கியா, எத்தனை கிராம், ரிங்கின் விட்டம் என்ன என்ற மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரோபோகேம்ஸ் என்ற ரோபோ போட்டியின் விதித்தொகுப்பில் உள்ள அளவுகளைத்தான் பல நாடுகளில் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். மினி வகுப்புக்கு நீளம் 10 செ.மீ., அகலம் 10 செ.மீ., உயரத்துக்கு வரம்பில்லை, எடை 500 கிராம். ரிங் 77 செ.மீ. விட்டம், 2.5 செ.மீ. உயரம், கறுப்புத் தளம், ஓரத்தில் 2.5 செ.மீ. அகல வெள்ளைக் கோடு. இதற்கு மேலே 20 செ.மீ., 3 கிலோ வகுப்பு. அதன் ரிங் 154 செ.மீ. கீழே 5 செ.மீ., 100 கிராம் மைக்ரோ வகுப்பு. அதில் உயரமும் 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஏமாறாதீர்கள். வீடியோக்களில் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ந்து எதிராளியைத் தூக்கி எறிகிற ஜப்பானிய ரோபோக்கள் மூன்று கிலோ வகுப்பைச் சேர்ந்தவை. அங்கே ரிங் எஃகு, அடியில் காந்தம் வைக்கலாம். மினி சுமோவில் காந்தமோ உறிஞ்சும் விசிறியோ வைத்துத் தளத்தோடு ஒட்டிக்கொண்டால், ஆட்டத்துக்கு முன் அளவும் எடையும் பார்க்கிற சோதனை மேஜையிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து வடிவமைக்கத் தொடங்காதீர்கள்.

2. விதித்தாளில் கோடிட வேண்டிய இடங்கள்

தாளை அச்செடுத்து, கீழே உள்ளவற்றைத் தேடிக் கோடிடுங்கள். ஏதாவது ஒன்று தாளில் இல்லையென்றால் அமைப்பாளரிடம் கேளுங்கள்.

தொடக்கம். பழைய முறையில் நடுவர் 'தொடங்கு' என்றதும் பொத்தானை அழுத்த வேண்டும். ரோபோ ஐந்து விநாடி அசையாமல் நின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஐரோப்பியப் போட்டிகள் பலவற்றில் நடுவர் கையிலிருக்கும் அகச்சிவப்பு ரிமோட்டால் இரண்டு ரோபோக்களையும் ஒரே நேரத்தில் இயக்குகிறார்கள். அதற்கு, அந்த ரிமோட்டின் சைகையை வாங்கி ரோபோவை இயக்கும் தனி ஸ்டார்ட் மாட்யூல் பொருத்தியிருக்க வேண்டும். இது தெரியாமல் போனால் போட்டியன்று காலை அந்த மாட்யூலுக்காக அலைய வேண்டியிருக்கும்.

வைக்கும் முறை. நடுவிலுள்ள இரண்டு பழுப்புக் கோடுகளுக்குப் பின்னால் வைப்பது ஒரு முறை. ரிங்கை நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்வட்டங்களில் வெள்ளைக் கோட்டைத் தொடும்படி வைப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் தொடக்க அசைவு வேறு வேறு. நிரல் எழுதும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரத்தின் ஒட்டும் தன்மை. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் மீது ரோபோவை வைத்துத் தூக்குவார்கள். தாள் இரண்டு விநாடிக்கு மேல் கூடவே தொங்கினால் ரோபோ வெளியே. ஏ4 தாளின் எடை சுமார் 5 கிராம்தான். புதிதாக ஆல்கஹால் போட்டுத் துடைத்த மென்மையான சிலிக்கான் டயர் அதைச் சுலபமாகத் தூக்கிவிடும்.

கூர்மை. வெளியே தெரிகிற எந்த விளிம்பும் 0.1 மி.மீ. ஆரத்தைவிடக் கூராக இருக்கக் கூடாது என்கிறது விதி. தீட்டாத 0.2 மி.மீ. தகட்டின் விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கட்டர் பிளேடு ஒட்டி வருகிறவர்கள் எல்லா இடத்திலும் உண்டு, சில நடுவர்கள் கண்டுகொள்வதுமில்லை. ரிங்கில் ஒரு கீறல் விழுந்ததும் கண்டுகொள்வார்கள்.

பிரிதல். ஆட்டம் தொடங்கிய பிறகு ரோபோ விரியலாம், மடிப்பை அவிழ்க்கலாம். ஆனால் துண்டாகப் பிரியக் கூடாது. திருகு, நட் போன்றவை மொத்தம் 5 கிராமுக்குள் விழுந்தால் தோல்வி இல்லை. எதிராளியின் சென்சாரைக் குருடாக்கும் அகச்சிவப்பு விளக்கு, பொடி, திரவம், நெருப்பு, எறியும் கருவி எல்லாவற்றுக்கும் தடை.

3. பதிவும் ஆவணங்களும்

பதிவு படிவத்தோடு வழக்கமாகக் கேட்பவை: அணியினரின் கல்லூரி அல்லது பள்ளி அடையாள அட்டை, போனஃபைட் சான்றிதழ், 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது. சில இடங்களில் ரோபோவின் படமும் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக வைத்து, அச்சுப்பிரதி இரண்டும் எடுத்துச் செல்லுங்கள். கல்லூரி அரங்குக்குள் கைபேசி சிக்னல் கிடைக்காமல், ரசீதைக் காட்ட முடியாமல் வாசலில் நிற்பது வழக்கமான காட்சி.

போனஃபைட் சான்றிதழுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக எழுதிக் கொடுங்கள். தேர்வுக் காலமென்றால் இன்னும் முன்னதாக. அணியில் பெயர் மாற்றம் எந்தத் தேதி வரை செய்யலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போவதென்றால் ஆவணச் சிக்கல் இல்லை. விமானம் என்றால், தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் வையுங்கள். 7.4 வோல்ட், 450 மில்லியாம்ப்-மணி பேட்டரி சுமார் 3.3 வாட்-மணிதான்; 100 வாட்-மணி வரம்புக்கு மிகவும் கீழே. பேட்டரி மீது அந்த எண் தெளிவாக அச்சாகியிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பேச்சு குறையும்.

எஸ்தோனியத் தலைநகர் தாலினில் நடக்கும் ரோபோடெக்ஸ் போன்ற வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வானால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். அந்த 15 நாளை நம்பாதீர்கள், சந்திப்பு நேரமே கிடைக்காது. பெரியவர்களுக்குக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அமைப்பாளரின் அழைப்புக் கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் தலைப்பெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறிக் குழப்புவது சகஜம்.

4. செலவு

விலை கடைக்குக் கடை மாறும்; சென்னை ரிச்சி தெருவில் ஒரு விலை, இணையக் கடையில் வேறொரு விலை. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ரோபோவின் மூளையாக இருக்கும் சிறு பலகை, அதாவது ஆர்டுயினோ நானோ நகல், 250 முதல் 400 ரூபாய். என்20 எனும் சிறிய உலோகப் பற்சக்கர மோட்டார் இரண்டு, 500 முதல் 900. நானோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் டிபி6612 மோட்டார் டிரைவர் 150 முதல் 300. தூரச் சென்சார் மூன்று, 600 முதல் 1,000. கோட்டுச் சென்சார் இரண்டு, 100 முதல் 300. 2எஸ் (இரண்டு செல்) லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று 500 முதல் 900; இரண்டு தேவை. செல்களைச் சமமாக நிறைக்கும் பேலன்ஸ் சார்ஜர் 500 முதல் 900. டயர், எஃகுத் தகடு, திருகு, கம்பி எல்லாம் சேர்த்து இன்னொரு 800. ஆக, நான்காயிரத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறுக்குள் முதல் ரோபோ முடியும். பயிற்சி ரிங்குக்குத் தனியாக 1,500 ஒதுக்குங்கள்.

வெளிநாட்டுக் கடைகளின் சுமோ மோட்டார், சிலிக்கான் சக்கரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் அனுப்பும் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் பில் இரட்டிப்பாகலாம், வந்து சேரவும் வாரக்கணக்கில் ஆகலாம். முதல் போட்டிக்கு அது வேண்டாம்.

சேமிக்கக் கூடாத இடங்கள் இரண்டு: சார்ஜர், தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

5. உடம்பும் எடையும்

98 மி.மீ.க்கு 98 மி.மீ. என்று வரையுங்கள். 100 என்று வரைந்தால் திருகின் தலையோ டயரின் பிதுக்கமோ அளவு பார்க்கும் சோதனைப் பெட்டியில் இடிக்கும். சில நடுவர்கள் பெட்டியை மேலிருந்து இறக்குவார்கள். அது தானாக வழுக்கி இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது.

எடை அதிகமாகிவிடுமோ என்று பயப்படுகிற புதியவர்தான் 250 கிராமில் வந்து நிற்கிறார். மோட்டார் ஒன்று 10 கிராம், பேட்டரி 30, நானோ 7. மின்னணுப் பொருள் எல்லாம் சேர்த்தாலும் 120 கிராமைத் தாண்டுவது கஷ்டம். மிச்சம் 380 கிராமும் உங்கள் ஆயுதம், ஏனென்றால் தள்ளும் விசை சக்கரத்தின் மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது. 10 செ.மீ. சதுரமான 3 மி.மீ. எஃகுத் தகடு சுமார் 235 கிராம். சக்கரத்துக்கு வெட்டியது போக 190, 200 நிற்கும். அதையே அடித்தளமாக வைத்தால் எடையும் தாழ்வாக இருக்கும், தனியாக ஈயம் ஒட்டும் வேலையும் குறையும். மொத்தம் 490 கிராமில் நிறுத்துங்கள். உங்கள் தராசும் அவர்கள் தராசும் ஒரே எண்ணைக் காட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவது சக்கரமாக, மோட்டார் இல்லாமல் சும்மா உருளும் காஸ்டர் வைக்காதீர்கள். அது தாங்குகிற ஒவ்வொரு கிராமும் மோட்டார் சக்கரத்திலிருந்து திருடப்பட்டது. இரண்டு சக்கரம், முன்னால் தளத்தை உரசியபடி சரிவான தகடு, அவ்வளவுதான்.

மஞ்சள் நிற பிஓ மோட்டாரும் 65 மி.மீ. சக்கரமும் கையில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால் 10 செ.மீ. அகலத்துக்குள் அடங்குவது பெரும்பாடு, உயரமும் கூடிவிடும். 6 வோல்ட், 600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 600 சுற்று) என்20 மோட்டாரோடு 30 மி.மீ. சக்கரம் போட்டால் விநாடிக்கு 0.9 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். 77 செ.மீ. ரிங்குக்கு அது தாராளம்.

வேகத்துக்கும் விசைக்கும் நடுவே சரியான இடத்தில் இருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு சோதனை: ரோபோவைச் சுவரில் முட்டவிட்டு முழு வேகம் கொடுங்கள். சக்கரம் நழுவிச் சுழல வேண்டும். சக்கரம் நின்று மோட்டார் முனகினால் பற்சக்கர விகிதம் தவறு. அந்த நிலையில் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும், மின்னழுத்தம் சரியும், நானோ ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கும். மோதின கணத்தில் ரோபோ மயங்கி நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். டிபி6612-க்குப் பதில் எல்298என் டிரைவரை எடுக்காதீர்கள், அது தானே இரண்டு வோல்ட் வரை விழுங்கிவிடும். அதன் ஹீட் சிங்க் பருமனும் வீண்.

6. வெள்ளைக் கோடு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிற ரோபோ 2.5 செ.மீ. கோட்டைக் கடக்க எடுப்பது 25 மில்லிவிநாடி. அதற்குள் கோட்டைப் பார்த்து மோட்டாரைத் திருப்பியாக வேண்டும். இப்போது ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒன்றும் இல்லாதபோது அது சுமார் 38 மில்லிவிநாடி காத்திருக்கும். எதிரொலியின் நேரத்தை அளக்க நிரலில் எழுதும் பல்ஸ்இன் கட்டளை அதுவரை நிரலையே நிறுத்தி வைக்கும். அந்த நேரத்தில் ரோபோ 3.8 செ.மீ. போய்விடுகிறது, கோடு பின்னால் போய்விட்டது, ரோபோ தரையில். சென்சார் கெட்டுவிட்டது என்று இரண்டு மூன்று மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு சென்சாரில் இல்லை, நிரலின் காத்திருப்பில்.

ஆகவே எதிராளியைப் பார்க்க, காத்திருக்க வைக்காத சென்சார் வேண்டும். 40 செ.மீ. எட்டுகிற டிஜிட்டல் அகச்சிவப்புச் சென்சார் போதும். அதற்கு மேல் எட்டினால் ரிங்குக்கு வெளியே நிற்பவர்களின் காலைத் துரத்தும். விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சாரும் வைக்கலாம். ஆனால் தொடர் முறையில் ஓடவிட்டு, அளவீடு தயாரானால் மட்டும் எடுக்கும்படி எழுதுங்கள். மூன்று சென்சார் வாங்கினால் மூன்றுக்கும் ஐ2சி முகவரி (நானோவோடு பேசும் இணைப்பில் சென்சாரின் அடையாள எண்) ஒன்றேதான். சென்சாரை அணைத்து எழுப்பும் எக்ஸ்-ஷட் முனைகளுக்குத் தனித்தனியாகக் கம்பி இழுத்து, ஒவ்வொன்றாக எழுப்பி முகவரி மாற்ற வேண்டும். அந்த முனை வெளியே எடுக்கப்பட்ட பலகைதானா என்று வாங்கும்போதே பாருங்கள். மேட் கறுப்பு அடித்த எதிராளியை இது தாமதமாகத்தான் பார்க்கும்.

கோட்டுச் சென்சார்கள் முன் மூலைகளில், தளத்திலிருந்து 3 முதல் 5 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். நிரலின் ஒவ்வொரு சுழற்சியிலும் முதலில் கோட்டைப் படியுங்கள், பிறகு எதிராளியை. தாக்கும் பகுதிக்குள்ளேயும் கோட்டைப் பார்க்கும் வரி இருக்க வேண்டும். நிரலை நிறுத்திவைக்கும் டிலே கட்டளையைத் தொடக்கக் காத்திருப்பைத் தவிர வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே வைக்கும் வரம்பு எண்ணை வீட்டில் அளந்து நிரலில் பதித்துவிட்டுப் போகாதீர்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில பூச்சுகள் அகச்சிவப்பை நன்றாகவே திருப்பி அனுப்பும். அரங்கின் ஜன்னல் வெயிலும் ஹாலஜன் விளக்கும் எண்ணை மாற்றும். நடுவிலுள்ள பழுப்புக் கோடும் சில சென்சாருக்குப் பாதி வெள்ளையாகத் தெரியும். ரோபோ கிளம்பின உடனே காரணமில்லாமல் பின்வாங்கும். போட்டி ரிங்கில் கறுப்பு, வெள்ளை, பழுப்பு மூன்றையும் படித்து, வரம்பைப் பொத்தானால் சேமிக்கும் வசதியை நிரலில் வையுங்கள். வெயில் சிக்கலுக்குச் சென்சாரைச் சுற்றிக் கறுப்பு ஃபோம் ஒட்டினால் பாதி தீரும்.

7. ஐந்து விநாடி

சரியாக 5,000 மில்லிவிநாடி என்று எழுதாதீர்கள். நானோ பலகைகள் பலவற்றில் நேரம் எண்ணுவது துல்லியமான படிகம் அல்ல, பீங்கான் ரெசனேட்டர். அரை சதவீதப் பிழை இருக்கலாம். ஐந்து விநாடியில் அது 25 மில்லிவிநாடி. 5,100 என்று வையுங்கள். அந்தப் பத்தில் ஒரு விநாடியால் யாரும் தோற்பதில்லை. முன்கூட்டிக் கிளம்பினால் எச்சரிக்கை. இரண்டு எச்சரிக்கை சேர்ந்தால் எதிராளிக்கு ஒரு புள்ளி.

பவர் சுவிட்சையே தொடக்கப் பொத்தானாக வைக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும் நானோவின் பூட்லோடர் நிரல் விழிக்க எடுக்கும் நேரமும் சேர்ந்து உங்கள் கணக்கைக் குழப்பும். தனிப் பொத்தான், அதுவும் மேல்பக்கம், விரலுக்கு எட்டும்படி. அழுத்தும்போது அல்ல, விடும்போது நேரம் எண்ணத் தொடங்கட்டும். கூடவே ஒரு எல்இடி ஒளிர்ந்தால் நடுவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சோதனைக்காகப் போட்ட புளூடூத் மாட்யூலைக் கழற்றிவிடுங்கள். இருந்தால் ரிமோட்டில் ஓட்டுகிறீர்களா என்ற கேள்வி வரும்.

8. பயிற்சி ரிங்

77 செ.மீ. வட்டமாக 12 மி.மீ. பிளைவுட் இரண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். மேலே மேட் கறுப்பு, ஓரத்தில் 2.5 செ.மீ. பளபளப்பான வெள்ளை எனாமல். ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடிப்பது மலிவு, ஆனால் பளபளக்கும், சுருங்கும், முன் தகடு அதில் மாட்டும். ரிங்கைத் தரையில் அப்படியே வைக்காமல், விழும் பக்கமெல்லாம் பழைய போர்வை விரியுங்கள். என்20 மோட்டாரின் அச்சு ஒரு விழுதலில் வளைந்துவிடும்.

எதிராளி இல்லையென்றால் 500 கிராம் தண்ணீர் பாட்டிலைத் தள்ளிப் பழகலாம் என்பார்கள். அது பின்வாங்காது, பக்கவாட்டில் வராது. இன்னொரு ரோபோ கட்ட முடியாவிட்டால் வேறு அணியைக் கூப்பிடுங்கள். ஒரு மாலை மோதினாலே எந்தத் திருகு கழல்கிறது என்று தெரியும்.

9. போட்டி நாள்

சோதனை மேஜைக்கு முதல் ஆளாகப் போங்கள். 3 கிராம் அதிகம் என்று சொன்னால் கழற்ற நேரமிருக்கும். கடைசியில் போனால் இருக்காது. எளிதில் கழற்றும்படி 5 கிராம் வாஷர்கள் சிலவற்றை ஒரே திருகில் கோத்து வைத்திருப்பது நல்ல பழக்கம். டயரை ஆல்கஹால் போட்டுத் துடைப்பது சோதனைக்குப் பிறகு, ஆட்டத்துக்குச் சற்று முன்பு. ஆனால் அதற்கு அப்புறமும் நடுவர் தாள் சோதனையைத் திரும்பச் செய்யலாம். அதிலும் தேறும் டயர்தான் டயர்.

பேட்டரி முழுதாக 8.4 வோல்ட். செல் ஒன்றுக்கு 3.5-க்குக் கீழே இறக்காதீர்கள். 450 மில்லியாம்ப்-மணி பேட்டரி பாதுகாப்பான வேகத்தில் நிறைய ஒரு மணி நேரம் ஆகும், ஆட்டங்களுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி கிடைக்காது. அதனால்தான் இரண்டு பேட்டரி. உப்பிய பேட்டரியை, கடைசி ஆட்டம்தானே என்று மாட்டாதீர்கள்.

ஓர் ஆட்டம் என்பது மொத்தம் 3 நிமிடம், அதிகபட்சம் மூன்று சுற்று. முதலில் இரண்டு புள்ளி எடுப்பவர் வெற்றி. 3 நிமிடம் முடியும்போது ஒருவரிடம் மட்டும் ஒரு புள்ளி இருந்தால் அவரே வெற்றி. ரோபோவின் எந்தப் பகுதியாவது ரிங்குக்கு வெளியே, ரிங்கின் பக்கச்சுவரை என்றாலும் சரி, தொட்டால் புள்ளி எதிராளிக்கு. யார் தள்ளினது, தானே விழுந்ததா என்பதெல்லாம் பொருட்டில்லை. கவிழ்ந்து ரிங்குக்குள்ளேயே கிடந்தால் புள்ளி கிடையாது, ஆட்டம் தொடரும். இரண்டும் சிக்கிக்கொண்டோ, ஒன்றையொன்று சுற்றிக்கொண்டோ, அசையாமலோ 5 விநாடி முன்னேற்றமின்றி நின்றால் நிறுத்தி மறுபடி தொடங்குவார்கள்.

சுற்றுகளுக்கு நடுவே 30 விநாடிதான். அதற்குமேல் எடுத்தால் எச்சரிக்கை. ஆகவே ஆலன் கீ, மாற்றுத் திருகு, டயர் துடைக்கும் துணி மூன்றும் ரிங் அருகே சட்டைப்பையில் இருக்க வேண்டும், மடிக்கணினி வேண்டாம். தேடும் முறையை மாற்ற நினைத்தால் ரோபோவிலேயே மூன்று முனை டிப் சுவிட்ச் (பலகையில் பொருத்தும் குட்டிச் சுவிட்ச் வரிசை) வைத்து, இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு, நேரே பாய் என்று முன்பே எழுதி வையுங்கள். நடுவர் அறிவிக்கும் முன் கையை ரிங்குக்குள் நீட்டினாலும் எச்சரிக்கைதான். ரோபோ தீப்பிடிப்பது போலிருந்தால் முதலில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

நடுவரின் தீர்ப்பை எதிர்த்து வாதாட முடியாது. ஆனால் விதியைக் கையாண்டதில் சந்தேகம் இருந்தால், அணித் தலைவர் ஆட்டம் முடிவதற்குள் போட்டிக் குழுவிடம் சொல்லலாம். குழுவினர் யாரும் அங்கே இல்லையென்றால் நடுவரிடமே சொல்லலாம். முடிந்த பிறகு சொன்னால் எடுபடாது. கோடிட்ட விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பத்தி எண்ணைச் சொல்லி, ஒருவர் மட்டும் பேசுங்கள்.